நான்காம் பக்கத்தின் அடியில் ஒரு பெயர்

ஆன்ஜே நகரத்தில் பல வருஷ காலம் நாள் தவறாமல் அச்சாகியும் யார் கண்ணிலும் படாத பெயர் ஒன்று உண்டு. மொரில் செப்ரோன். ‘வெள்ளை லில்லி’ பத்திரிகையின் நான்காம் பக்கத்தில், இருமல் மருந்து விளம்பரத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் ‘பொறுப்பாளர்: மொ. செப்ரோன்’ என்று இருக்கும். அந்த வரியைத் தினமும் அச்சுக் கோத்தவனும் அவனேதான்.

முதல் பக்கத்துப் பெயர் வேறு. அமோரி த திரெலான். அரசர் திரும்பி வர வேண்டும், குடியரசு தொலைய வேண்டும் என்று எழுதியவர்கள் அந்தக் காலத்தில் பிரான்சின் எங்கள் மேற்குச் சீமையில் வண்டி வண்டியாக இருந்தார்கள். ஆனால் படிக்கிறவன் காபியை ஆறவிட்டுப் படிக்கும்படி எழுதியவர் திரெலான் ஒருவர்தான். ஒரு மந்திரியை நாலு வரியில் நடுத்தெருவுக்கு இழுத்து வந்துவிடுவார். ஐந்தாவது வரியில் அந்த மனிதரின் மேல்சட்டையும் போய்விடும். திரெலானின் அப்பா விளக்கு எண்ணெய்க் கடை வைத்திருந்தவர், பெயருக்கு நடுவில் இருக்கும் ‘த’ என்ற பிரபுப் பட்டம் மகன் பாரிஸ் போய்த் திரும்பிய ரயிலில் ஒட்டிக்கொண்டது என்று குடியரசுக்காரர்கள் சொல்லித் திரிந்தார்கள். அப்படிச் சொன்ன இரண்டு பேரோடு அவர் வாட்சண்டை போட்டார். எண்ணெய்க் கடை இருந்தது உண்மை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இன்றைக்கு அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. மொரிலின் பெயர் சிறைப் பதிவேட்டில் மூன்று இடத்தில் இருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்தவரைப் பற்றித் தடித் தடிப் புத்தகங்கள் வந்துவிட்டன. பழி விழுந்த இடத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்பது சட்டம். பத்திரிகையில் யார் எதை எழுதினாலும் நீதிபதி முதலில் பிடிப்பது அவரைத்தான். ‘வெள்ளை லில்லி’யை நடத்தியது பதினோரு கனவான்கள் சேர்ந்த ஒரு குழு. பொறுப்பாளராக யார் கையெழுத்துப் போடுவது என்ற பேச்சு வந்த அன்று ஒரு பிரபுவுக்கு இருமல் வந்தது, ஒரு பழைய கர்னலுக்கு அறுவடை ஞாபகம் வந்தது, மற்றவர்கள் கூரையில் இருந்த சித்திரத்தைப் பார்த்தார்கள். திரெலான் எழுந்து நேராக அச்சுக்கூடத்துக்குப் போனார். அங்கே விரல் முழுக்க ஈயக் கறுப்போடு நின்றுகொண்டிருந்த மொரிலின் தோளில் கை போட்டார்.

மொரில் ஒப்புக்கொண்டதற்கு அந்தக் கை போட்டதுதான் காரணம், வேறொன்றுமில்லை. மொரிலின் கொள்ளுத்தாத்தா புரட்சிக் காலத்தில் அரசர் பக்கம் நின்றவர். அதற்காக அவரை ஊருக்கு வெளியே வயலில் வரிசையில் நிறுத்திச் சுட்டார்கள். அவர் சட்டையில் தைத்திருந்த திரு இருதயத் துணிச் சின்னம் வீட்டில் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்த நூறு வருஷத்தில் ஒரு பிரபுவும் அந்தக் குடும்பத்தை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது ஒருவர் தோளைத் தொட்டு, “மொரில், உங்க குடும்பம் ஏற்கெனவே ரத்தத்துல கையெழுத்துப் போட்டாச்சு. நீ மையில போட்டாப் போதும்” என்றார். மொரில் அங்கேயே, நின்ற இடத்திலேயே போட்டுக் கொடுத்தான்.

அவன் மனைவி பெரின் பெரிய வீட்டுச் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுகிறவள். விஷயத்தைக் கேட்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“அவங்க பதினோரு பேருக்கும் ஒரே நாள்ல கை வலியா?”

“மானம்னா என்னன்னு உனக்குத் தெரியாது” என்றான் மொரில்.

“தெரியாம என்ன? வாரா வாரம் கஞ்சி போட்டு மடிச்சு நான்தானே அனுப்பி வைக்கிறேன்.”

அதன்பிறகு வேலை இரண்டாகப் பிரிந்தது. வாள் அவருக்கு, கம்பி இவனுக்கு என்று அச்சுக்கூடத்தில் சொல்வார்கள். பெரிய மனிதர்களைத் திட்டினால் அவர்கள் வாட்சண்டைக்கு அழைப்பார்கள். ஆற்றோரப் புல்வெளியில் காலை நேரத்தில் இரண்டு மருத்துவர்களை வைத்துக்கொண்டு திரெலான் சண்டை போடுவார். முதல் சொட்டு ரத்தத்தோடு மானம் காப்பாற்றப்பட்டுவிடும், எல்லோரும் சாப்பிடப் போவார்கள். நான்காவது சண்டைக்குப் பிறகு மூன்று வாரம் கறுப்புப் பட்டுத் துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார். சீமாட்டிகள் பழப்பாகு ஜாடி ஜாடியாக அனுப்பினார்கள். அந்தச் சட்டையைத் துவைத்துப் பெட்டி போட்டவள் பெரின். “கிழிசலே இல்லாத சட்டையில இவ்வளவு ரத்தம் எப்படி வந்துச்சு? கோழியோடயா சண்டை போட்டார்?” என்று கேட்டாள்.

அரசாங்கத்தைத் திட்டினால் வழக்கு வரும். வழக்கு வந்தால் மொரில் போவான். மாவட்ட ஆட்சியரைப் பற்றி எழுதியதற்குப் பதினைந்து நாள், குடியரசுத் தலைவரைப் பற்றி எழுதியதற்கு மூன்று மாதம். இரண்டையும் அவன் சந்தோஷமாகவே கழித்தான். கொள்ளுத்தாத்தாவுக்குக் குண்டு, நமக்குக் கம்பி, காலம் எவ்வளவோ இறங்கிவிட்டது என்று சிறைக் காவலனிடம் சொன்னானாம். ஒரு முட்டாளுக்கு இருக்கிற நிம்மதி பெரிய நிம்மதி. நான் கேலியாகச் சொல்லவில்லை, அந்த மூன்று மாதம் அவனுக்கு நல்ல தூக்கம் வந்தது.

கையெழுத்துப் படிகளை வைத்துக்கொள்வதில் ‘வெள்ளை லில்லி’க்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. மற்ற பத்திரிகைகளில் அவற்றை ஆணியில் குத்தி வைப்பார்கள். இங்கே திரெலானின் தாள்கள் கோத்து, பிழை பார்த்து முடிந்ததும் அடுப்புக்குள் போகும். ஆபத்தில்லாத கட்டுரைகளில் அவர் கையொப்பம் பெரிதாக இருக்கும். ஆபத்தானவற்றில் கையொப்பமே இருக்காது. எழுதியது யார் என்று ஊருக்குத் தெரியும், நீதிமன்றத்துக்குத் தெரியக் கூடாது. “மானமுள்ளவங்க பத்திரிகையில காகிதம் சாட்சி சொல்லாது, மனுஷன்தான் சாட்சி” என்பார் திரெலான். எரிக்கிற வேலையை மொரில் வேறு யாரிடமும் விடமாட்டான். சாம்பலையும் கம்பியால் கிளறி, ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பை மூடுவான். வேறு எந்தக் கட்சிக்காரனும் தன் தலையைக் காக்கக்கூடிய சாட்சியத்தைத் தானே இவ்வளவு ஒழுங்காக எரித்திருக்க மாட்டான்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறில் அந்தக் கட்டுரை வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு அனாதை இல்லம். அதன் கண்காணிப்பாளர் பெயர் பிரிக்கார். குடியரசுக்காரர், அதிகம் பேசாதவர், குழந்தைகளின் காலணிகளைத் தானே தைத்துக் கொடுக்கிறவர். மேலிடத்து உத்தரவு வந்ததும் படுக்கை அறைகளில் இருந்த சிலுவைகளை இறக்கினார். அவற்றில் ஒன்று ஒரு சீமாட்டி கொடுத்த வெள்ளிச் சிலுவை. அதைக் கம்பளித் துணியில் சுற்றிப் பங்குச் சாமியாரிடம் ஒப்படைத்து, ரசீதும் வாங்கிக்கொண்டார். திரெலானின் காதுக்கு வந்தது பாதிக் கதைதான். மீதிப் பாதியை அவர் விசாரிக்கவில்லை.

‘சிலுவையின் விலை’ என்று தலைப்பு. பிரிக்கார் சிலுவையை உருக்கி விற்றுவிட்டார் என்று நேராக ஓரிடத்திலும் சொல்லவில்லை. அந்த வெள்ளி இன்று எந்தப் பெண்ணின் காதில் ஊஞ்சலாடுகிறது என்று மட்டும் கேட்டிருந்தது. யூதாஸ் முப்பது காசு வாங்கினான், அவன் குறைந்தபட்சம் பெண்டாட்டியின் ஆசையைச் சாக்குச் சொல்லவில்லை என்று முடிந்தது. திரெலான் அன்று அச்சுக்கூடத்திலேயே, மொரிலின் பக்கத்தில் நின்று, கடைசி வாக்கியத்தின் ஒரு சொல்லை மூன்று தடவை மாற்றினார். பிறகு வழக்கம்போல் தாள்கள் அடுப்புக்குப் போயின. மறுநாள் ஊர் முழுக்கப் பத்திரிகை கை மாறியது. பள்ளிப் பிள்ளைகள் பிரிக்காரின் பின்னால் ‘முப்பது காசு, முப்பது காசு’ என்று கத்திக்கொண்டு போனார்கள்.

பிரிக்கார் வழக்குப் போட்டார். விசாரணைக்கு முதல் நாள் திரெலான் மொரிலின் வீட்டுக்கே வந்தார். கொள்ளுத்தாத்தாவின் துணிச் சின்னத்தை எடுத்து வரச் சொல்லி, அதன்மேல் கை வைத்து, எழுதியவர் பெயரைச் செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். பிறகு தானும் கை வைத்தார். “உனக்கு ஒரு அவமானம்னு வந்தா நான் முன்னால வந்து நிப்பேன், மொரில். இது என் சத்தியம்.” இரண்டு பேரும் ஒரே துணியின் மேல் கை வைத்திருந்தார்கள். மொரிலுக்குக் கண் கலங்கிவிட்டது.

நீதிமன்றத்தில் பிரிக்கார் ரசீதைக் காட்டினார். சாமியார் வந்து ஆமாம் என்றார். எழுதியது யார் என்று நீதிபதி கேட்டார்.

“கீழே இருக்கிறது என் பேர்தானுங்க, ஐயா.”

“உமக்கு இப்படி எழுத வருமா?”

“வந்திருக்கே, ஐயா.”

மேல் வரிசையில் சீமாட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த திரெலான் மெல்லத் தலையசைத்தார். ஆறு மாதத் தண்டனையை மொரில் அந்தத் தலையசைப்பை வைத்துத்தான் கழிக்க ஆரம்பித்தான்.

நான்காவது மாதம், நவம்பரில், சிறைக்குள் செய்தி வந்தது. மேன் ஆற்றில் துணி துவைக்கிற பெண்கள் தங்கள் படகுக்கு அடியில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கழியால் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். பிரிக்கார். வழக்கில் ஜெயித்தவர். தீர்ப்பைப் பற்றி நாளிதழின் மூலையில் நாலு வரி வந்தது, முப்பது காசுக் கூச்சல் மட்டும் தெருவில் நிற்கவே இல்லை. மொரில் அன்றைய சூப்பைத் தொடவில்லை. நான் எழுதவில்லை, நான் எழுதவில்லை என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான் என்று பக்கத்து அறைக்காரன் பிறகு சொன்னான். திரெலான் அந்த வாரம் நரி வேட்டைக்குப் போயிருந்தார்.

மொரில் வெளியே வந்ததும் கனவான்கள் விருந்து வைத்தார்கள். வறுத்த பன்றி இறைச்சி, நல்ல வெள்ளை ஒயின், சமையலறைக் கதவோரம் அவனுக்கு ஒரு நாற்காலி. திரெலான் எழுந்து ‘நம்முடைய தியாகி’ என்றார், எல்லோரும் கோப்பையை உயர்த்தினார்கள். பிரிக்காரின் பெயரை யாரும் எடுக்கவில்லை. மொரில் எடுக்க நினைத்தான். அதற்குள் பாலாடைக்கட்டித் தட்டு வந்துவிட்டது.

பிரிக்காரின் மனைவி லியோனி குடைத் துணி தைத்துப் பிழைத்தாள். சனிக்கிழமைச் சந்தையில் மொரிலை எதிர்ப்பட்டால் விலகிப் போகமாட்டாள். நின்று, பெயருக்கு முன்னால் மரியாதைச் சொல்லும் சேர்த்து, “வணக்கம், முசியே செப்ரோன்” என்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள், அவன் கையைப் பார்ப்பாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். ஊர் என்ன நினைத்தாலும் கவலையில்லை, ஊருக்கு உண்மை தெரியும் என்று அவன் நம்பினான். இவள் ஒருத்திக்கு மட்டும் தெரியவில்லையே என்றுதான் அவனுக்கு வயிறு எரிந்தது. இவளுக்குத் தெரிந்துவிட்டால் போதும் என்று ஆசைப்பட்டான். சத்தியத்திலிருந்து விடுவிக்கும்படி திரெலானைக் கேட்டான். எதிரிகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், இப்போது வேண்டாம், நேரம் வரும் என்றார் அவர். அடுத்த வருஷமும் அதையே சொன்னார்.

தொண்ணூறில் கனவான்களுக்கு ஆர்வம் தீர்ந்து ‘வெள்ளை லில்லி’ நின்றது. மொரில் வேறோர் அச்சகத்தில் சாவு அறிவிப்புகளும் பழப்பாகு ஜாடிக்கான சீட்டுகளும் கோத்தான். இரண்டு வருஷம் கழித்து, பிரான்சுக் கத்தோலிக்கர்கள் குடியரசை ஏற்றுக்கொள்ளலாம் என்று ரோமிலிருந்து போப்பாண்டவரின் கடிதம் வந்தது. மூன்றே வாரத்தில் திரெலானுக்குக் குடியரசில் பல நல்ல அம்சங்கள் தென்பட்டன. அடுத்த தேர்தலில் அவர் நாடாளுமன்றத்துக்கு நிற்கப் போகிறார் என்று செய்தி வந்தது.

“அவருக்கு ஏதாவது திட்டம் இருக்கும். உள்ளே போய் அரசருக்கு வழி பண்ணுவார்” என்றான் மொரில்.

“இருக்கும், இருக்கும். திட்டத்துக்குப் பாரிஸ்ல மெத்தை போட்ட நாற்காலிகூட இருக்காம்” என்றாள் பெரின்.

தொண்ணூற்று மூன்று ஆகஸ்டில் தானியச் சந்தை மண்டபத்தில் கூட்டம். மொரில் முன் வரிசையில் இடம் பிடித்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கையைத் தட்டத் தயாராக உட்கார்ந்திருந்தான். திரெலான் நரைத்திருந்தார், குரல் மட்டும் அப்படியே இருந்தது. பேச்சின் நடுவில் பின்னாலிருந்து ஒருவன் எழுந்து, பிரிக்காரைக் கொன்றது யார் என்று கேட்டான்.

திரெலான் அவசரப்படவில்லை. தண்ணீர் குடித்தார். பிறகு, தான் பதில் சொல்லக் காத்திருந்த கேள்வி இது என்றார். அந்தக் கட்டுரை வெளிவந்தபோது தான் ஊரில் இல்லை என்றார். தன் முதுகுக்குப் பின்னால் ஒரு முரட்டுக் கை அதை எழுதியது, நீதிமன்றம் அந்தக் கையைக் கண்டுபிடித்துத் தண்டித்தது என்றார். “அவன் ஏழை. தண்டனையை அனுபவிச்சு முடிச்சவன். இந்த மண்டபத்திலயே இருந்தாலும் அவன் பேரை நான் சொல்ல மாட்டேன்” என்று நெஞ்சில் கை வைத்தார்.

மண்டபம் கைதட்டியது. அப்படித் தட்டிக்கொண்டே வரிசை வரிசையாகத் திரும்பி மொரிலைப் பார்த்தார்கள். ஊருக்கு உண்மை தெரியும் என்று இத்தனை வருஷம் நம்பினானே, அந்த ஊர்தான் பார்த்தது. ஊருக்கு ஏழு வருஷத்து ஞாபகம் ஏது? அச்சில் இருந்த பெயர் ஒன்று, சிறைக்குப் போன ஆள் ஒன்று, அது போதாதா? மொரில் தட்டுவதற்காகத் தூக்கிய இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. பக்கத்தில் இருந்தவன் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை திரெலானின் வீட்டுக்குப் போனான். அவர் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

“கோபமா மொரில்? உட்காரு.”

மொரில் உட்காரவில்லை. “ஊர்ல இல்லைன்னு சொன்னீங்க. என் பக்கத்துல நின்னீங்க, முசியே. கடைசி வரியில ஒரு வார்த்தையை மூணு தடவை மாத்தினீங்க.”

“ஞாபகம் இருக்கு. நல்ல வார்த்தை.” ரொட்டித் துண்டை முட்டையில் தோய்த்தார். “நான் உன் பேரைச் சொல்லலை. அதைக் கவனிச்சியா?”

“எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பாத்தாங்க.”

“யோசிச்சுப் பாரு. அந்தக் குற்றத்துக்கு நீ ஜெயிலுக்குப் போயிட்டு வந்தாச்சு. உன்கிட்ட அது முடிஞ்சுபோன விஷயம். உன்கிட்டயே இருந்தா யாருக்கும் நஷ்டமில்லை. என்கிட்ட வந்தா இன்னைக்குத்தான் ஆரம்பிக்கும்.”

அவருடைய திறமை அதுதான். கேட்கிறவன் ஒரு கணம் ஆமாம் என்று நினைத்துவிடுவான். மொரிலும் நினைத்தான், அப்படி நினைத்ததற்காகச் சாகும்வரை வெட்கப்பட்டான். தேர்தல் முடிந்ததும் பெரினுக்கு ஒரு புகையிலைக் கடை உரிமம் வாங்கித் தருவதாகத் திரெலான் சொன்னார். அரசாங்கம் தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுக்கிற கடை அது. உட்கார்ந்த இடத்தில் வயதான காலம் ஓடிவிடும்.

“கடை வேண்டாம், முசியே. பிரிக்காரோட சம்சாரத்துக்கு மட்டும் சொல்லிடுங்க. ஊருக்கு வேண்டாம், பத்திரிகைக்கு வேண்டாம். அந்த அம்மாவுக்கு மட்டும். எலெக்‌ஷன் முடிஞ்சப்புறம் சொன்னாக்கூடப் போதும்.”

திரெலான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, பழையபடி தோளில் கை போட்டார். தானே அந்த அம்மாளின் வீட்டுக்குப் போய்ப் பேசுவதாகத் தன் மானத்தின் மேல் சத்தியம் செய்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பெரின் கையில் இருந்த காலரைக் கசக்கிப் போட்டாள். “ஆத்தைத் தாண்டுற வரைக்கும்தான் அண்ணன் தம்பி. நீ இன்னும் அவர் தண்ணிக்குள்ளயே இருக்கார்னு நினைக்கிற.” ஆனாலும் புகையிலைக் கடை வேண்டாம் என்று அவன் சொன்னதற்கு அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை.

திரெலான் ஜெயித்தார். வாக்குத் தவறவும் இல்லை. செப்டம்பரில் ஒருநாள் புதிய உறுப்பினர் பூங்கொத்தோடு பிரிக்காரின் விதவை வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பேசினார் என்று பத்திரிகையில் வந்தது. மொரில் அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெரின் கஞ்சி போட்டுக் கொடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனான். தன்னைச் சந்தையில் அவள் இனி எப்படிப் பார்ப்பாள் என்று யோசித்துக்கொண்டே போனான். பீப்பாய் செய்கிறவன் கடைக்கு மேலே அவள் குடியிருந்தாள். படிகளை இளவட்டம்போல் ஏறினான்.

அறை முழுக்கக் கறுப்புத் துணி விரிந்து கிடந்தது. ஜன்னலோரம் வாடத் தொடங்கிய ரோஜாக் கொத்து இருந்தது.

“வாங்க, முசியே செப்ரோன். நீங்க ஒருநாள் வருவீங்கன்னு அவர் சொன்னார்.”

மொரில் தொப்பியைக் கழற்றினான். “சொல்லிட்டாரா அம்மா?”

“எல்லாம் சொன்னார். உங்களுக்காக மன்னிப்புக் கேட்டார். படிப்பில்லாதவன், வெறியில எழுதிட்டான், நான் மட்டும் ஊர்ல இருந்திருந்தா தடுத்திருப்பேன்னு சொன்னார். அந்த நாற்காலியில உட்கார்ந்து அழுதார்.”

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, அறுபடுகிற கழுத்துக்கு முதலில் வலி தெரியாது போலிருக்கிறது. மொரில் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவர் வாக்கைக் காப்பாற்றியிருந்தார். நானே போய்ப் பேசுகிறேன் என்றார், போய்ப் பேசியிருந்தார். என்ன பேசுவேன் என்று அவர் சொல்லவுமில்லை, இவன் கேட்கவுமில்லை.

அதன் பிறகு அவன் வாயைத் திறந்தான். கொள்ளுத்தாத்தாவின் துணிமேல் செய்த சத்தியம் உடைய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எழுதியது அவர், பக்கத்தில் நின்று மாற்றியது அவர், நான் பெயரைக் கொடுத்தேன், ஆறு மாதத்தைக் கொடுத்தேன், ஒரு வரிகூட எழுதவில்லை என்று கொட்டித் தீர்த்தான். சாட்சி உண்டா என்று அவள் கேட்பதற்கு முன்னால் தானே சொன்னான்: “கையில ஒரு துண்டுக் காகிதம் கிடையாது அம்மா. எல்லாத்தையும் நானே எரிச்சேன்.”

லியோனி தைப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும்” என்றாள். “அந்தக் கட்டுரை எனக்கு மனப்பாடம். அவர் இங்க உட்கார்ந்து பேசப் பேச எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அழுறப்போகூட ஒவ்வொரு வாக்கியமும் அழகா முடியுது. உங்களுக்கு அந்த மாதிரி வராது.”

மொரில் அழுதான். நின்றபடியே, தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏழு வருஷத்து அழுகையை அழுதான். ஒருத்திக்காவது தெரிந்துவிட்டது. அவன் கேட்டது இவ்வளவுதான், அது கிடைத்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்லித் திரும்பினான்.

“ஒண்ணு மட்டும் கேக்கணும்” என்றாள் லியோனி. “அவர் எழுதினார், சரி. எழுத்தைக் கோத்தது நீங்கதானே?”

“நான்தான் அம்மா.”

“படிச்சுட்டுத்தானே கோத்திருப்பீங்க?”

“படிக்காம கோக்க முடியாது.”

அவள் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். “அன்னைக்கு அதைப் படிச்சப்போ சிரிச்சீங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யார் இருக்கிறார்கள் மறுக்க? நீதிபதிக்கு முன்னால் செய்யாததைச் செய்தேன் என்று சொன்ன வாய்தானே. ஆனால் அந்த மத்தியானம் அவன் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. அச்சுக்கூடத்தில் ஏழு பேர் இருந்தார்கள். காதில் ஊஞ்சலாடும் வெள்ளியை அவன்தான் மற்ற ஆறு பேருக்கும் உரக்கப் படித்துக் காட்டினான். பாதியில் நிறுத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டவனும் அவன்தான்.

“சிரிச்சேன்” என்றான்.

லியோனி தலையை ஆட்டினாள். மடியில் இருந்த துணியைத் திருப்பிப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.

“போறப்போ கதவைச் சாத்திட்டுப் போங்க, முசியே செப்ரோன்.”

அவன் சாத்திவிட்டு இறங்கினான். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் உயிரோடு இருந்தான். அந்தக் கட்டுரையைப் பற்றி யாராவது கேட்டால், எழுதியது நான் இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை.